கடையில் லைன் போச்சா? பெட்டியை அணைப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

கோலாலம்பூரில் கடை வைத்திருப்பவர்களிடம் இணையம் எப்போது போகும் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, கல்லாவில் எட்டுப் பேர் நிற்கும்போது. உடனே எனக்குப் போன் வரும். "அண்ணே, லைன் போச்சு, மூணு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்." அந்த மூன்று தடவை என்பதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கும். பெட்டியை அணைத்த நொடியே பாதித் தடயம் போய்விடுகிறது. எந்த விளக்கு சிவப்பாக எரிந்தது, ரவுட்டர் தன் பதிவில் என்ன எழுதி வைத்திருந்தது, கம்ப்யூட்டருக்கு எந்த எண் (ஐபி முகவரி) கிடைத்திருந்தது, எல்லாம் துடைத்த சிலேட்டு. அணைத்துப் போட்டதில் சரியாகிவிட்டால் சந்தோஷம்தான், ஆனால் ஏன் சரியானது என்று தெரியாததால் அடுத்த சனிக்கிழமை அதே போன் வரும்.

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், லெபோ அம்பாங், மஸ்ஜித் இந்தியா பக்கம் சின்னக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கேபிள் இழுத்து, பெட்டி மாட்டி, கூப்பிட்டால் ஓடுகிற வேலை என்னுடையது. ஐந்திலிருந்து இருபது கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு சிசிடிவி பெட்டி, கல்லாவில் ஒரு பில் மெஷின், வாடிக்கையாளருக்கு வைஃபை, இந்த அளவு இடங்கள்தான். நான் போய்ப் பார்த்ததில் பாதிக்கு மேல் லைன் எங்கேயும் போயிருக்கவில்லை, கோளாறு கடைக்குள்ளேயே இருந்தது. அதனால் இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டு அரைமணி நேரம் பாட்டுக் கேட்பதற்கு முன்னால், கடைக்குள் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். கருவி எதுவும் வேண்டாம். ஒரு லேப்டாப், ஒரு நல்ல நெட்வொர்க் கேபிள், கையில் டேட்டா உள்ள ஒரு கைப்பேசி போதும்.

ஒரு விஷயம்: கட்டளைகளை நான் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், கம்ப்யூட்டரில் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

முதலில் கேள்வி, அப்புறம் கை

யாருக்கு இல்லை? இதுதான் முதல் கேள்வி. ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டுமா, ஒரு வரிசைக்கா, வைஃபைக்கு மட்டுமா, எல்லாருக்குமா? எழுந்து போய் ஒவ்வொரு மேசையிலும் பாருங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்து "உனக்கு வருதா?" என்று கத்திக் கேட்டால் வாட்ஸ்அப் கைப்பேசி டேட்டாவில் ஓடிக்கொண்டிருப்பவர் "வருது" என்பார், குழப்பம் கூடும். ஒருவருக்கு மட்டும் இல்லையென்றால் கோளாறு அவருடைய கம்ப்யூட்டரிலோ அவருடைய கேபிளிலோ இருக்கிறது, ரவுட்டர் பக்கமே போகாதீர்கள். ஒரு அறைக்கோ ஒரு மாடிக்கோ மட்டும் இல்லையென்றால் அங்கே இருக்கும் சின்ன சுவிட்ச் பெட்டியைத் தேடுங்கள், மேசைக்கு அடியில் தூசியோடு கிடக்கும். எல்லாருக்கும் இல்லையென்றால்தான் ரவுட்டரும் அதற்கு வெளியே இருப்பதும்.

இரண்டாவது, எது இல்லை? கூகுளே திறக்கவில்லையா, வங்கித் தளம் மட்டும் திறக்கவில்லையா, பிரிண்டர் ஓடுகிறதா? பிரிண்டர் ஓடி, பக்கத்து மேசைக் கோப்பும் திறந்து, வெளியுலகம் மட்டும் இல்லையென்றால் உள் வலையமைப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது கேள்விக்கு யாருமே உண்மை சொல்ல மாட்டார்கள்: என்ன மாறியது? "ஒண்ணுமே மாத்தல" என்பார்கள். மேசையை நகர்த்தினீர்களா, வெள்ளை அடித்தார்களா, புது பிரிண்டர் வந்ததா, நேற்று இடி இடித்ததா, சிசிடிவி ஆள் வந்து போனாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் "ஆமா, சிசிடிவி பையன் வந்தான்" என்று வரும்.

சுவரில் இருக்கும் வெள்ளைப் பெட்டி

எல்லாருக்கும் இல்லையென்றால் ஃபைபர் வந்து இறங்கும் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். டெக்னீஷியன்கள் இதை பிடியு என்பார்கள், கடைக்காரர்கள் மோடம் என்பார்கள். இதில் இரண்டு விளக்கு முக்கியம். பிஓஎன் என்று எழுதிய விளக்கு அசையாமல் பச்சையாக எரிய வேண்டும். எல்ஓஎஸ் என்ற விளக்கு எரியவே கூடாது. எல்ஓஎஸ் சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள், அதற்கு மேல் கடைக்குள் நீங்கள் எந்த அமைப்பை மாற்றினாலும் பலன் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெட்டியின் பின்னால் பச்சை முனையோடு ஒரு மெல்லிய கம்பி செருகியிருக்கும், அது மடங்கியிருக்கிறதா, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபர் உள்ளே கண்ணாடி இழை, விரல் மடக்குவது போல மடக்கினால் ஒளி கசிந்துவிடும். பழைய கடைவீடுகளில் மேல்கூரைக்குள் ஓடும் எலிக்கும் இந்தக் கம்பி மேல் தனி ஆசை. முனையைக் கழற்றி ஊதித் துடைத்து மாட்டும் வீரமெல்லாம் வேண்டாம், தூசி ஒட்டினால் இன்னும் மோசம். அதன் உள்ளே கண்ணை வைத்துப் பார்க்கவும் கூடாது, கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி அது.

எல்ஓஎஸ் சிவப்பு என்றால் ஒரு படம் எடுத்துக்கொண்டு நிறுவனத்துக்குப் போன் போடுங்கள். உங்கள் வேலை அதோடு முடிந்தது. பிஓஎன் பச்சை, எல்ஓஎஸ் அணைந்திருக்கிறது என்றால் அடுத்த பெட்டி.

ரவுட்டர் வெளியே எண் வாங்கியிருக்கிறதா?

ஒரு லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, கேபிளால் நேராக ரவுட்டரின் லேன் துளை (கடைக் கம்ப்யூட்டர்களுக்கான துளை) ஒன்றில் மாட்டுங்கள். சுவிட்ச், சுவருக்குள் ஓடும் கேபிள், எல்லாவற்றையும் தாண்டி நேராக. இப்போது இணையம் வந்துவிட்டால் மேலே படிக்க வேண்டாம், லைனும் ரவுட்டரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு உள் வலையமைப்பில், நேராக 'நான்கு பிங்' பகுதிக்குத் தாவுங்கள். இந்த ஒரு சோதனை எத்தனையோ மணிநேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

வரவில்லையா? உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் தட்டுங்கள், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே போய் வெளி இணைப்பின் நிலையைப் பாருங்கள். அங்கே ஒரு ஐபி எண் இருக்க வேண்டும். 0.0.0.0 என்று இருந்தால் ரவுட்டர் நிறுவனத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே விடவில்லை.

மலேசியாவில் யூனிஃபை போன்ற இணைப்புகள் பிபிபிஓஇ என்ற முறையில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைகின்றன. தொழில் கணக்கென்றால் பயனர்பெயரின் வால் யூனிஃபைபிஸ் என்று முடியும், வீட்டுக் கணக்கென்றால் வெறும் யூனிஃபை. கடைக்குச் சொந்தமாக ரவுட்டர் வாங்கி மாட்டினால் இந்தப் பெயரோடு விலேன் எண்ணும் (ஒரே கம்பியில் ஓடும் போக்குவரத்தைப் பிரிக்கும் குறி) கொடுக்க வேண்டும், யூனிஃபைக்கு அது 500. இந்த எண்ணை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் இணைப்பு வராது. யாராவது ஊசி வைத்து ரீசெட் துளையைக் குத்தியிருந்தால் இந்த இரண்டும் அழிந்து போயிருக்கும். தயவுசெய்து ரீசெட் துளையைக் குத்தாதீர்கள். மறுதொடக்கமும் ரீசெட்டும் ஒன்றல்ல.

பயனர்பெயர் சரியாக இருந்தும் நுழைய முடியவில்லையென்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, பில் கட்டினீர்களா? சிரிக்காதீர்கள், கிராணி, அதாவது குமாஸ்தா, லீவில் போன மாதம் பில் கட்டாமல் நின்றுபோய் லைன் நிறுத்தப்பட்ட கடைகளை நான் பார்த்திருக்கிறேன், முதலாளி என்னைக் கூப்பிட்டு இரண்டு மணிநேரம் கம்பி தேட வைத்தார். இரண்டு, அடுத்தடுத்து அணைத்துப் போட்டதால் வந்த வினை. ரவுட்டர் திடீரென்று அணைந்தால் அந்தப் பக்கத்தில் பழைய நுழைவு கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும், அது காலாவதியாகும்வரை புது நுழைவை ஏற்காமல் இருக்கலாம். நீங்கள் பொறுமையில்லாமல் மறுபடி மறுபடி அணைக்கிறீர்கள், அதுவும் மறுபடி மறுபடி மறுக்கிறது. பத்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டுத் தே தாரிக் ஒன்று குடித்துவிட்டு வந்து போடுங்கள்.

நான்கு பிங்

ரவுட்டருக்கு வெளி எண் இருக்கிறது, ஆனாலும் மேசையில் இணையம் இல்லை. சரி, இல்லாத மேசைக்குப் போங்கள். விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி, சிஎம்டி என்று தட்டினால் கறுப்புத் திரை வரும். அதில் ஐபிகான்ஃபிக், ஒரு இடைவெளி, சாய்கோடு, ஆல். நிறைய வரி ஓடும், பயப்பட வேண்டாம், மூன்று எண் போதும்: ஐபிவி4 முகவரி (அந்தக் கம்ப்யூட்டரின் எண்), டீஃபால்ட் கேட்வே (ரவுட்டரின் எண்), டிஎன்எஸ் சர்வர் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது). மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

அப்புறம் இந்த வரிசையில் பிங் செய்யுங்கள், அதாவது பிங் என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, எண்ணைத் தட்டி, பதில் வருகிறதா என்று பாருங்கள். முதலில் 127.0.0.1, அதாவது கம்ப்யூட்டர் தன்னையே கூப்பிட்டுப் பார்ப்பது, இதுவே பதில் தரவில்லையென்றால் விண்டோஸுக்குள்ளேயே கோளாறு, அபூர்வம்தான். இரண்டாவது கேட்வே எண், அதாவது ரவுட்டர். மூன்றாவது 8.8.8.8, இது கூகுளின் பொது டிஎன்எஸ், வெளியுலகத்துக்கு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். நான்காவது ஒரு தளத்தின் பெயர், எண் இல்லாமல்.

எங்கே பதில் நிற்கிறதோ அதற்கு ஒரு படி முன்னால்தான் அறுந்திருக்கிறது. கேட்வேக்கே பதில் இல்லையென்றால் கேபிள், சுவிட்ச், அல்லது தப்பான எண். கேட்வே பதில் தருகிறது, 8.8.8.8 தரவில்லை என்றால் ரவுட்டர் அல்லது லைன். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ். எல்லாவற்றுக்கும் பதில் வந்தும் உலாவியில் பக்கம் திறக்கவில்லை என்றால் இணையத்தை விட்டுவிட்டு அந்த உலாவியை, வைரஸ் தடுப்பானை, பிராக்ஸி (இணையத்துக்கு நடுவில் நிற்கும் இடைத்தரகர்) அமைப்பைப் பாருங்கள்.

எண்ணில் ஏற்படும் குழப்பங்கள்

நீங்கள் எழுதிய ஐபிவி4 முகவரி 169.254 என்று தொடங்கினால் கேட்டவுடன் எனக்கு ஒன்று தெரியும்: கம்ப்யூட்டர் எண் கேட்டிருக்கிறது, யாரும் கொடுக்கவில்லை, தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டது. எண் கொடுக்கிற வேலை டிஎச்சிபி என்பதன் வேலை, சின்ன இடங்களில் ரவுட்டரே அதைச் செய்யும். அப்படியானால் ஒன்று ரவுட்டர்வரை கேபிள் போய்ச் சேரவில்லை, அல்லது ரவுட்டரிடம் கொடுக்க எண் மிச்சமில்லை.

மிச்சமில்லாமல் போவது உணவுக்கடைகளில் அடிக்கடி நடக்கும். பல ரவுட்டர்கள் முகவரியின் கடைசிப் பகுதியில் 100 முதல் 199 வரை, அதாவது நூறு எண்தான் கையில் வைத்திருக்கும். வாடிக்கையாளர் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார், அவர் கைப்பேசிக்குக் கொடுத்த எண் ஒருநாள் முழுக்கத் திரும்பி வராது. மதியம் ஒரு மணிக்கு வாழையிலைச் சாப்பாட்டுக் கூட்டம் முடிகிறபோது நூறும் தீர்ந்துவிடும், பில் மெஷினுக்கு எண் இருக்காது. வாடிக்கையாளருக்குத் தனி விருந்தினர் வைஃபை போட்டு, அங்கே எண்ணின் ஆயுளை ஒரு மணிநேரமாக்குங்கள், தீர்ந்தது.

இன்னும் கெட்டிக்காரத்தனமான கோளாறு ஒன்று உண்டு. மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு புடவைக் கடை. கீழே கடை, மேல்மாடியில் சரக்கு. காலையில் ஆறு கம்ப்யூட்டரில் மூன்றில் இணையம் இருக்கும், மூன்றில் இருக்காது, மறுநாள் வேறு மூன்று. கடைக்கார அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, செய்வினையா இருக்குமோ" என்றே கேட்டார். இல்லாத மூன்றிலும் ஐபிகான்ஃபிக் போட்டேன், கேட்வே 192.168.0.1. இருக்கிற மூன்றில் 192.168.1.1. ஒரே கடையில் இரண்டு கேட்வே! மேலே போனால், சரக்கு அறையில் வைஃபை சரியாகக் கிடைக்கவில்லை என்று அக்காவின் அண்ணன் மகன் வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் துளையில் கேபிளைச் செருகிவிட்டுப் போயிருக்கிறான். அந்த ரவுட்டரும் தன் பங்குக்கு எண் விநியோகம் செய்துகொண்டிருந்தது. காலையில் எது முதலில் பதில் சொல்கிறதோ அதன் எண்ணைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும், பழைய ரவுட்டரின் எண்ணை வாங்கியவர்களுக்கு வெளியே போக வழியில்லை. அந்த ரவுட்டரில் டிஎச்சிபியை அணைத்து, அதன் சொந்த முகவரியை மாற்றியதும் எல்லாம் சரி. ரவுட்டரில் ஆக்செஸ் பாயிண்ட் (எண் கொடுக்காமல் வைஃபை மட்டும் பரப்புவது) என்ற தேர்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். அக்கா செய்வினை இல்லை என்று தெரிந்து கொஞ்சம் ஏமாந்துதான் போனார்.

இதற்குத் தம்பி மாதிரி இன்னொன்று: ஒரே எண் இரண்டு பேருக்கு. சிசிடிவி ஆள் பதிவுப் பெட்டிக்குக் கையால் ஒரு நிலையான எண் கொடுத்திருப்பார், அது ரவுட்டர் விநியோகிக்கும் எல்லைக்குள்ளேயே இருக்கும். ரவுட்டர் அதே எண்ணை ஒருநாள் கல்லாவுக்குக் கொடுக்கும். இரண்டும் மாறி மாறி விட்டுவிட்டு ஓடும். பிரிண்டர், கேமரா, பில் மெஷின் இவற்றுக்கு 2 முதல் 50 வரை நிலையான எண், மற்றவர்களுக்கு 100க்கு மேல் விநியோகம் என்று பிரித்து வைத்துவிட்டால் இந்தச் சண்டை வராது.

எல்லா விளக்கும் ஒன்றாக மின்னினால்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்காய்வாளர் அலுவலகம், மாடி அறை, பன்னிரண்டு பேர். தீபாவளிக்கு முன் சனி ஞாயிறில் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கி மேசைகளை மாற்றிப் போட்டார்கள். திங்கள் காலை எதுவுமே இல்லை. இணையம் மட்டுமல்ல, பிரிண்டரும் இல்லை, கோப்பு சர்வரும் இல்லை, ரவுட்டரின் பக்கம்கூடத் திறக்கவில்லை. சார் ஏற்கெனவே நிறுவனத்துக்குப் போன் போட்டுத் திட்டி முடித்திருந்தார்.

சுவிட்ச் பெட்டியைப் பார்த்தேன். சாதாரணமாக விளக்குகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் மின்னும், ஒன்று வேகமாக, ஒன்று சோம்பலாக, மழை பெய்கிற மாதிரி. இங்கே பதினாறும் ஒரே தாளத்தில், மூச்சு விடாமல், ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தாலே போதும், வளையம். தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிள் முனையைப் பார்த்து யாரோ "இது கழன்று கிடக்கு" என்று நல்ல மனதோடு காலியான துளையில் செருகியிருக்கிறார்கள். அந்தக் கேபிளின் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி ஒருவர் கூப்பிட்டால் அந்தக் கூப்பாடு வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி, வேறு எதுவும் போக இடமில்லாமல் அடைத்துவிடும். விலை குறைந்த சுவிட்சுகளுக்கு இதைக் கண்டுபிடித்துத் தடுக்கும் அறிவு கிடையாது.

வைத்தியம் எளிது. கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே விளக்கைப் பாருங்கள். எதைக் கழற்றியதும் தாளம் கலைந்து மழையாகிறதோ அதுதான். கழற்றுவதற்கு முன் எது எந்தத் துளையில் இருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம். வீட்டுக்குப் போகும் முன் ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதிச் சின்னத் துண்டு ஒட்டிவிடுங்கள், பத்து நிமிட வேலை.

கேபிளைப் பற்றி இரண்டு வரி: நெட்வொர்க் கேபிளில் நான்கு ஜோடிக் கம்பி இருக்கும். நூறு மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், ஒரு கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஆகவே ஒரு கம்பி உள்ளே அறுந்தால் இணைப்பு முழுக்கப் போகாமல் நூறுக்கு இறங்கி நின்றுவிடலாம், "மெதுவா இருக்கு" என்று மாதக்கணக்கில் புலம்புவீர்கள். நாற்காலிச் சக்கரம் ஏறி இறங்கும் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முனையை நீங்களே அடிப்பதானால் வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஒரு ஓட்டம் நூறு மீட்டரைத் தாண்டக் கூடாது.

பெயர் கிடைக்கவில்லை, சில தளம் மட்டும் திறக்கவில்லை

எண்ணுக்குப் பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால், அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். சரியானால் ரவுட்டரிலேயே மாற்றிவிடலாம். 2024 செப்டம்பரில் பொது டிஎன்எஸ்ஸுக்குப் போகும் கேள்விகளை உள்ளூர் நிறுவனங்கள் தங்கள் சர்வருக்கே திருப்பிவிட வேண்டும் என்று எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) கொண்டுவந்த ஏற்பாடு நினைவிருக்கலாம், எதிர்ப்பு கிளம்பிச் சில நாளிலேயே தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதை நிறுத்தச் சொன்னார். அந்த வாரம் எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கில்லை.

சில தளம் திறக்கிறது, சிலது சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றால் மூன்றைப் பாருங்கள். ஒன்று, கம்ப்யூட்டரின் தேதி. பழைய கம்ப்யூட்டரில் சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி தீர்ந்து தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும், வங்கித் தளங்களெல்லாம் சான்றிதழ் பிழை என்று மிரட்டும். இரண்டு, மறந்துபோன பிராக்ஸி அல்லது விபிஎன். மூன்று, எம்டியு, அதாவது ஒரே பொட்டலமாக அனுப்பக்கூடிய உச்ச அளவு. பிபிபிஓஇ தன் பங்குக்கு எட்டு பைட் எடுத்துக்கொள்வதால் ஒரு பொட்டலம் 1500க்குப் பதில் 1492 பைட்தான் இருக்கலாம். பிங் 1.1.1.1, அதோடு கழித்தல் எஃப், கழித்தல் எல் 1464 என்று தட்டிப் பாருங்கள். பதில் வந்தால் 1492 பைட் போகிறது. பொட்டலம் பெரிது, உடைக்க வேண்டும் என்று சொன்னாலோ, பதில் வந்தும் தளங்கள் திறக்காவிட்டாலோ ரவுட்டரின் வெளி இணைப்பில் எம்டியு 1492தானா என்று பாருங்கள். சொந்த ரவுட்டர் மாட்டிய இடங்களில்தான் இது அதிகம் வரும்.

போகவில்லை, ஆனால் தவழ்கிறது

ஸ்பீட் டெஸ்ட்டைக் கேபிளில் மாட்டிய லேப்டாப்பில் போடுங்கள், மேல்மாடி மூலையில் வைஃபையில் போட்டுவிட்டு நிறுவனத்தோடு சண்டை போடாதீர்கள். கேபிளில் வேகம் நன்றாக இருந்தால் வைஃபைதான் குற்றவாளி. கடைவீட்டு வரிசையில் பக்கத்துக் கடை, எதிர்க் கடை, மேலே விடுதி, எல்லாரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் கூடியிருப்பார்கள், அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 மூன்றுதான். கல்லாவைக் கேபிளில் மாட்டுங்கள், மற்றதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

கேபிளிலும் மெதுவென்றால் ஏற்றத்தை (அப்லோட்) பாருங்கள், இறக்கத்தை (டவுன்லோட்) இல்லை. முதலாளி வீட்டிலிருந்து எட்டு கேமராவையும் பார்க்கிறார் என்று வையுங்கள், அமைப்பைப் பொறுத்து ஒரு கேமரா 2 முதல் 4 மெகாபிட் மேலே அனுப்பும், எட்டுக்கு 32 வரை போகும். ஏற்ற வழி அடைத்தால் இறக்கமும் திணறும், ஏனென்றால் வாங்கியதற்கு "கிடைத்தது" என்று திருப்பிச் சொல்லும் பொட்டலமும் அதே வழியில்தான் போக வேண்டும். கேமரா இணைப்பை அரைமணி நேரம் கழற்றிவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கேமராவில் துணைக்காட்சி என்ற குறைந்த தர அமைப்பு இருக்கும், தூரத்திலிருந்து பார்க்க அது போதும்.

அப்புறம் வெப்பம். நம் கடைகளில் ரவுட்டருக்கு எங்கே இடம் கிடைக்கிறது? சாமி மேடைக்குப் பக்கத்தில், ஏனென்றால் அங்கேதான் பிளக் பாயிண்ட் இருக்கிறது, விளக்கு மாலைக்காகப் போட்டது. செந்தூலில் ஒரு மளிகைக் கடையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் லைன் விட்டுவிட்டு வரும் என்றார்கள். ரவுட்டரைக் கையில் எடுத்தேன், சுடச்சுட இட்லித் தட்டு மாதிரி. காற்றுத் துளைகளில் சாம்பிராணிக் கரியும் விபூதியும் கலந்து மெழுகு போல அப்பியிருந்தது, கூட்டம் வந்து பளு கூடும் நேரத்தில் பெட்டி மூச்சுத் திணறி நின்றிருக்கிறது. துடைத்து எதிர்ச் சுவரில் மாட்டினேன், அதற்கப்புறம் அந்தக் கடையிலிருந்து போன் இல்லை.

அணைத்தே தீர வேண்டுமென்றால்

விளக்குகளைப் படம் எடுத்தாயிற்று, எண்களை எழுதியாயிற்று, அப்போது அணைக்கலாம். எல்லாவற்றையும் அணைத்து ஒரு நிமிடம் விடுங்கள். முதலில் வெள்ளைப் பெட்டி, பிஓஎன் அசையாத பச்சையாகும்வரை காத்திருங்கள். அப்புறம் ரவுட்டர், வெளி எண் வாங்கும்வரை. அதற்கப்புறம் சுவிட்ச், கடைசியில் கம்ப்யூட்டர்கள். வரிசை மாறினால் கம்ப்யூட்டர் எண் கேட்கும் நேரத்தில் கொடுக்க ஆள் இருக்காது, மறுபடி 169.254.

நிறுவனத்துக்குப் போன் போடும்போது "லைன் இல்ல" என்று சொன்னால் அவர்கள் "அணைத்துப் போடுங்கள்" என்றுதான் சொல்வார்கள். "பிஓஎன் பச்சை, எல்ஓஎஸ் இல்லை, கேபிளில் நேராக ரவுட்டரில் சோதித்தேன், வெளி எண் 0.0.0.0, பத்து நிமிடம் அணைத்தும் பார்த்தேன்" என்று சொல்லுங்கள், பேச்சே மாறிவிடும். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். நாள் கணக்கில் இழுத்தடித்தால் அந்த எண்ணை வைத்துத்தான் எம்சிஎம்சியில் முறையிட முடியும்.

லைன் வரும்வரை கடை ஓட வேண்டும். கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கல்லாக் கம்ப்யூட்டரை மட்டும் அதில் இணையுங்கள், எல்லாரையும் இணைத்தால் டேட்டா ஒரு மணிநேரத்தில் காலி. பணம் வாங்க ஒட்டி வைத்திருக்கும் டுயிட்நவ் கியூஆருக்கு உங்கள் லைன் தேவையில்லை, வாடிக்கையாளரின் டேட்டாவில் ஓடும், பணம் வந்ததா என்று மட்டும் உங்கள் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் காட்டும் படத்தை நம்பி அவரை அனுப்பிவிடாதீர்கள். அடிக்கடி லைன் போகிற இடமென்றால் சிம் போடும் ரவுட்டர் ஒன்றை, வேறு நிறுவனத்தின் சிம்மோடு, அலமாரியில் வைத்திருங்கள்.

இடியையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால இடி இங்கே சாதாரணம். அது ஃபைபர் வழியாக அல்ல, மின்சாரம் வழியாகவும் வெளியே ஓடும் செம்புக் கேபிள் வழியாகவும் உள்ளே வரும், குறிப்பாக கூரை விளிம்பில் கேமராவுக்குப் போகும் கேபிள். மறுநாள் ரவுட்டர் ஓடும், விளக்கு எரியும், ஆனால் ஒரே ஒரு லேன் துளை மட்டும் செத்திருக்கும். கேபிளைப் பக்கத்துத் துளைக்கு மாற்றிப் பாருங்கள், புது ரவுட்டர் வாங்கும் முன். வெள்ளைப் பெட்டி, ரவுட்டர், சுவிட்ச் மூன்றையும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டினால் மின்சாரம் விட்டு வரும் ஒவ்வொரு தடவையும் எல்லாம் மறுதொடக்கம் ஆகும் தொல்லையும் போகும்.

கடைசியாக ஒரு தாள். பிபிபிஓஇ பயனர்பெயர், கடவுச்சொல், விலேன் எண், ரவுட்டர் முகவரியும் அதன் கடவுச்சொல்லும், நிலையான எண் யார் யாருக்கு, பில்லில் உள்ள கணக்கு எண், நிறுவனத்தின் தொலைபேசி. கையால் எழுதுங்கள், கம்ப்யூட்டரில் சேமித்து வைத்தால் வேண்டும்போது திறக்க முடியாது. உறையில் போட்டுக் கல்லாவுக்குள் பணத்துக்கு அடியில் வையுங்கள், சுவரில் ஒட்டினால் வாடிக்கையாளர் படம் எடுத்துக்கொண்டு போவார். புடவைக் கடை அக்கா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். போன மாதம் அவர் அண்ணன் மகன் மறுபடி எதையோ மாற்றிவிட்டபோது, நான் செர்டாங்கில் மாட்டிக்கொண்டிருக்க, அக்காவே தாளைப் பார்த்துப் போனில் என்னிடம் எண்களைப் படித்துப் படித்துத் தட்டி, பதினைந்து நிமிடத்தில் லைனைக் கொண்டுவந்துவிட்டார். தாளில் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்ததால் ஒரு 8ஐ 3 என்று படித்ததுதான் தாமதம்.